காணாமற்போன வட்டுகள்
கம்பம்மெட்டில் கற்ற ஒரு கணிப்பொறிப் பாடம்



கணிப்பொறியைப் பற்றிய கட்டுரை என்றதும் இலக்கியம் பயிலும் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இக்கட்டுரையில் வரும் செய்தி ஒரு நாள் உங்கள் விடுதி அறையிலும் நேரலாம். பொறி ஓடும், திரை ஒளிரும், ஆனால் நீங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த எழுத்தெல்லாம் இருக்கும் வட்டு மட்டும் கண்ணுக்குப் புலனாகாது. அவ்வேளையில் என்ன செய்யவேண்டும் என்பதைக் காட்டிலும், என்ன செய்யக் கூடாது என்பதை அறிந்திருத்தல் நலம். சென்ற தீபாவளி விடுமுறையில் எங்கள் ஊரில் நான் அதைக் கற்றேன். அதையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர்

தேனி மாவட்டத்துக் கம்பம் நகரிலிருந்து மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் மேலே கேரள எல்லையில் நிற்பது கம்பம்மெட்டு. கீழே முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் நெல்லும் திராட்சையும்; மேலே குளிரும் மூடுபனியும் ஏலத் தோட்டங்களும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இம்மலைப் பகுதி கேரளத்தோடு நின்றது. 1972 சனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் பிறந்தது. எல்லைக்கோடு வரைந்தார்களே ஒழிய, வாழ்க்கையை இரண்டாக வகுக்க முடியவில்லை. விடியலில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் ஏறி வரும் பெண்கள் மாலை வரை காயெடுத்துத் திரும்புகிறார்கள். விளைந்த ஏலக்காய் இப்பக்கம் புற்றடியிலும் அப்பக்கம் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. எங்கள் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து வரும்.

இங்கே சிறு தோட்டக்காரர் அறுபது பேருக்கு மேல் சேர்ந்து காய் உலர்த்தும் கூடம் ஒன்றை நடத்துகிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். யார் எந்நாளில் எத்தனை கிலோ பச்சைக்காய் கொடுத்தார், உலர்ந்தபின் அவர் பங்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு வாங்கினார் என்பதையெல்லாம் எழுதி வைத்து, தீபாவளிக்கு முன் ஒரு முறை கணக்குத் தீர்ப்பது வழக்கம். ஆறு ஆண்டுகளாக அக்கணக்கு முழுவதும் ஒரு பழைய சர்வர் பொறியில் இருந்துவந்தது. நகரத்தில் எங்கோ பயன்பட்டு, விலை குறைந்து, இங்கு வந்து சேர்ந்த பொறி அது. தாள் சீட்டுகளை இரண்டு மாதம் வைத்திருந்து பின்னர் அடுப்பில் போட்டுவிடுவார்கள். பொறிதான் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் நான் ஊருக்குச் சென்றேன். கூடத்துக் கணக்கர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்தானே படிக்கிறீங்க? கணக்கைக் காணோம்" என்றார்.

நடந்தது என்ன?

பொறியில் ஓடியது சென்டாஸ் 7 என்னும் திறமூல இயங்குதளம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 சூன் 30 அன்றோடு நின்றுபோயின. ஆகவே புதியதற்கு மாறவேண்டும் என்று உறவினர் இளைஞர் ஒருவர் எண்ணினார், எண்ணியது முறையே. ரெட் ஹாட் 8 வரிசையைப் பின்பற்றும் புதிய இயங்குதளத்தை அவர் நிறுவினார். இயங்குதளம் இருந்தது தாய்ப்பலகையோடு நேரே இணைந்த சிறு வட்டொன்றில். கணக்கு இருந்ததோ வேறு நான்கு வட்டுகளில். அந்நான்கும் ஒரு கட்டுப்பாட்டு அட்டையின்கீழ் இணைந்திருந்தன. நிறுவல் இனிதே முடிந்தது. பொறி விரைந்து எழுந்தது. ஆனால் அந்நான்கு வட்டுகளும் இருந்த சுவடே இல்லை.

தொலைபேசியில் கேட்டதற்கு யாரோ ஒருவர், "அட்டையின் பட்டியலுக்குள் போய் 'இனிஷியலைஸ்' என்பதை அழுத்துங்கள், வட்டு வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். வட்டு வந்திருக்கும் என்பது உண்மைதான். வெறும் வட்டாக வந்திருக்கும். அச்செயலில் விரைவு முறை வட்டின் தொடக்கப் பகுதியை அழிக்கும். முழு முறையோ அனைத்தையும் சுழியமாக்கும். மின்சாரம் போய்விட்டதால் அன்று மாலை அவர்கள் அதைச் செய்யவில்லை. ஐப்பசி மழைக்கு எங்கள் ஊரில் மின்சாரம் போவதைத் திட்டாதவர் இல்லை. அம்முறை நான் அதற்கு நன்றி சொன்னேன்.

கூடத்தின் திண்ணையில் முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். அரை ஏக்கர் ஏலம் உடையவர். "என் கணக்கும் அதுக்குள்ளதானே ராசா இருக்கு?" என்று கேட்டார். "ஆமாம் அம்மாச்சி, உள்ளேதான் இருக்கு, எங்கேயும் போகலை" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அப்போது எனக்கே அது உறுதியாகத் தெரியாது.

இயக்கி என்பது யாது?

மேலே செல்லுமுன் சிறிது பாடம். கணிப்பொறியில் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு மொழி உடையது. இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் எல்லாக் கருவிகளின் மொழியையும் இயல்பாக அறியாது. ஆதலின் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்கு ஆங்கிலத்தில் டிரைவர் என்று பெயர். நாம் இயக்கி என்கிறோம். எங்கள் எல்லையில் சோதனைச்சாவடியருகே தேநீர்க்கடை நடத்தும் சேட்டன், கீழிருந்து வரும் லாரிக்காரரிடம் தமிழிலும் அலுவலரிடம் மலையாளத்திலும் பேசிக் காரியத்தை முடித்துக்கொடுப்பார். அவர் இல்லாத நாளில் சரக்கும் உண்டு, சாலையும் உண்டு, பேச்சுத்தான் நடவாது. எங்கள் பொறியின் நிலையும் அதுவே. வட்டும் இருந்தது, கணக்கும் இருந்தது, மொழிபெயர்ப்பாளர் இல்லை.

அப்படியாயின் எந்தக் கருவிக்கு எந்த இயக்கி என்று கெர்னல் எங்ஙனம் அறிகிறது? பி.சி.ஐ. என்னும் இணைப்பு முறையில் உள்ள ஒவ்வொரு கருவியும் இரண்டு எண்களைத் தன்னோடு சுமந்து வருகிறது. முதலாவது செய்தவரின் எண். இரண்டாவது கருவியின் எண். 8086 என்றால் இண்டெல் நிறுவனம். 1000 என்றால் எல்.எஸ்.ஐ. நிறுவனம், அந்நிறுவனத்தை 2014-இல் வாங்கிய அவாகோ, 2016-இல் பிராட்காம் என்ற பெயரை ஏற்றது. ஆயினும் அட்டையில் பொறித்த எண் மாறுவதில்லை. ஒவ்வோர் இயக்கியும் தான் அறிந்த எண்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். பொறி எழும்போது கெர்னல் கருவியின் எண்ணைப் படித்து, அவ்வெண் எந்த இயக்கியின் பட்டியலில் உள்ளதோ அதனை அழைக்கிறது. பட்டியலில் இல்லையேல் அக்கருவி கேட்பாரற்று நிற்கும்.

ரெய்டு என்பது யாது?

இது வருமானவரிக்காரர் நடத்துவதன்று. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வட்டுப்போல் காட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் எழுதிய ஆய்வுரையால் இப்பெயர் பரவிற்று.

எங்கள் நான்கு வட்டுகளும் ரெய்டு 5 என்னும் வகையில் அமைந்தவை. இதன் நுட்பம் எளிது. மூன்று வட்டுகளில் முறையே 1, 0, 1 என்று எழுதுவதாகக் கொள்வோம். ஒன்றுகள் இரண்டு, இரட்டைப்படை. எனவே நான்காவது வட்டில் 0 எழுதுகிறோம். ஒற்றைப்படையாயின் 1 எழுதி இரட்டைப்படையாக்குவோம். இப்போது இரண்டாம் வட்டு கெட்டுவிட்டது என்க. மீதியுள்ளவை 1, 1, 0. ஒன்றுகளின் தொகை முன்பே இரட்டைப்படை. ஆகவே காணாமற்போனது 0 என்று கண்டுபிடித்துவிடலாம். இக்காவல் எண்ணை ஒரே வட்டில் வைக்காமல் நான்கிலும் மாறிமாறிப் பரப்பி வைப்பதே ரெய்டு 5. ஒவ்வொன்றும் 500 ஜி.பி. கொண்ட நான்கு வட்டுகளில் 1500 ஜி.பி. நமக்கு, 500 ஜி.பி. காவலுக்கு. ஒரு வட்டு போனால் பிழைக்கலாம். இரண்டு போனால் அனைத்தும் போயிற்று.

முதற்படி: கேள், எழுதாதே

நான் பொறியின்முன் அமர்ந்தபோது அது விட்டுவிட்டுக் கீச்சென்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"இது எப்போதிலிருந்து?" என்று கேட்டேன்.

"அது ரெண்டு மாசமாக் கத்திக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. பழகிப்போச்சு" என்றார் கணக்கர்.

என் உள்ளம் திடுக்கிட்டது. இத்தகைய அட்டைகள், சேர்ந்திருக்கும் வட்டுகளில் ஒன்று செயலிழந்தால் ஒலி எழுப்பும். அப்படியானால் நான்கில் ஒன்று முன்னரே போய்விட்டது. மூன்றை நம்பித்தான் இரண்டு மாதம் கணக்கு நடந்திருக்கிறது. இனி ஒன்று தவறினால் மீட்சியில்லை. இதை அறிந்தபின் என் வேலையின் வரிசை மாறிற்று. இயக்கியைச் சரிசெய்வது பிறகு. கணக்கைப் படியெடுப்பது முதலில்.

முதலில் அட்டையின் அடையாளத்தைக் கேட்டறிந்தேன். அதற்கான ஆணை "எல்எஸ்பிசிஐ -என்என்கே" என்பது. இது எதையும் மாற்றாது. பார்த்துச் சொல்லும், அவ்வளவே. பட்டியலில் ரெய்டு அட்டை இருந்தது. அதன் எண் 1000:0060. இது எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் மெகாரெய்டு எஸ்.ஏ.எஸ். 1078 என்னும் சில்லு. அதன்கீழ் "பயன்பாட்டில் உள்ள இயக்கி" என்று ஒரு வரி வரவேண்டும், வரவில்லை. அட்டை முற்றிலும் செயலிழந்திருந்தால் அது இப்பட்டியலிலேயே தோன்றியிராது. எனவே கெர்னல் அட்டையைக் காண்கிறது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. முதிய பெண்மணிக்கு நான் கூறியது பொய்யாகவில்லை என்று அப்போது ஓரளவு தெரிந்தது.

இவ்வட்டைக்குரிய இயக்கியின் பெயர் "மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்". அது அப்பொறியில் இல்லாமலில்லை. "மோட்இன்ஃபோ" என்னும் ஆணையால் அதன் எண் பட்டியலைப் பார்த்தேன். அட்டைகள் பலவற்றின் எண்கள் இருந்தன, 0060 இல்லை.

அடுத்த வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேரளப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாகக் கட்டற்ற மென்பொருள் பரவிற்று. 2017 முதல் அப்பணி கைட் என்னும் நிறுவனமாக நடைபெறுகிறது. ஆதலால் கறுப்புத் திரையும் ஆணை வரிகளும் அவளுக்குப் புதியவை அல்ல. "அண்ணா, பழையதில் தெரிந்தது புதியதில் எப்படித் தெரியாமல் போகும்? புதியதுதானே கூடுதலாகத் தெரிந்திருக்கவேண்டும்?" என்றாள். நல்ல கேள்வி. நம்மில் பலரும் கேட்க மறக்கும் கேள்வி.

பட்டியலில் அடித்த வரி

விடை இதுதான். 2019-இல் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல், பழைய அட்டைகள் பலவற்றின் எண்களை இயக்கிகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு நிறுவனம் ஓர் இயங்குதளத்துக்குப் பல்லாண்டு பொறுப்பேற்கும்போது, சோதித்துப் பார்க்க இயலாத பழங்கருவிகளை விலக்குவது அவர்கள் கொண்ட முறை. அதை மறைக்கவும் இல்லை; நீக்கிய எண்களைத் தாங்கள் வெளியிட்ட குறிப்பிலேயே வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1000:0060 என்பதும் அவ்வரிசையில் உண்டு. குறை எங்களுடையதே, நிறுவுமுன் அக்குறிப்பை எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

மூல நிரல் பூட்டிக் கிடக்கும் மென்பொருளாயின் கதை இவ்விடத்தில் முடிந்திருக்கும். திறமூலத்தில் அப்படியன்று. பொதுவான லினக்ஸ் கெர்னலில் அவ்வரி அழியாமல் இருக்கிறது. ஆதலின் டெபியன் போன்ற இயங்குதளங்களில் இந்த அட்டை இன்னும் பேசுகிறது. எல்ரெப்போ என்னும் தன்னார்வலர் திட்டம், நீக்கிய எண்களைத் திரும்பச் சேர்த்த இயக்கிகளைத் தனிப்பொதியாகத் தருகிறது. 2024-இல் வந்த அல்மாலினக்ஸ் 9.4, மெகாரெய்டு உள்ளிட்ட பல இயக்கிகளில் பழங்கருவிகளுக்கான ஆதரவைத் தானே மீட்டுக்கொடுத்தது. ஒருவர் அடித்த வரியை மற்றொருவர் எழுதிக்கொள்ள எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

இவ்வுரிமை பிறந்த கதையிலும் ஓர் இயக்கியே இருக்கிறது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. முந்தைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் உரியவர்க்குச் செய்தி போகுமாறு ரிச்சர்டு ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியின் நிரலையோ தர மறுத்துவிட்டார்கள். அந்த மனக்குறை 1983 செப்டம்பரில் குனு திட்டமாக மலர்ந்தது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். மறு ஆண்டு அது குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. அம்மாணவருக்கு அப்போது வயது இருபத்தொன்று. நம் வயதுதான், நண்பர்களே!

இரண்டாம்படி: படியெடுத்தல்

என் பையில் டெபியன் இயங்குதளம் கொண்ட யு.எஸ்.பி. இருந்தது. எதையும் நிறுவாமல் அதிலிருந்தே பொறியை எழுப்பினேன். மீண்டும் "எல்எஸ்பிசிஐ -என்என்கே". இம்முறை அட்டையின்கீழ் "மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்" என்ற பெயர் வந்தது. 1500 ஜி.பி. அளவில் ஒரு வட்டும் தெரிந்தது. அச்சிறுமி கைதட்டினாள். கணக்கர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அவசரப்படவில்லை. அதில் இருந்த கோப்பு முறை எக்ஸ்.எஃப்.எஸ். வகையினது. அதைச் சாதாரணமாக இணைத்தால், முன்னர் முடிவுபெறாமல் நின்ற எழுத்துக்களை முடித்துவைக்க அது வட்டில் எழுத முயலும். படிப்பதற்கு மட்டும் என்னும் "ஆர்ஓ" விருப்பம் ஒன்றே போதாது. "நோரெகவரி" என்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஒரு புள்ளியும் எழுதாது. இவ்விரண்டும் கொடுத்து இணைத்தேன். கோப்புகள் தெரிந்தன. வெளி வட்டு ஒன்றை இணைத்து "ஆர்சிங்க்" ஆணையால் எல்லாவற்றையும் படியெடுத்தேன். மூலத்துக்கும் படிக்கும் "ஷா256சம்" என்னும் சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு ஒப்பிட்டேன், ஒத்திருந்தன. அப்படியும் மனம் அமைதி பெறாமல் இன்னொரு படி எடுத்து, அதைக் கணக்கர் கையில் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அதுவரையில் இயக்கியைச் சரிசெய்யும் வேலையில் நான் கைவைக்கவேயில்லை.

மூன்றாம்படி: இயக்கியை அமைத்தல்

மறுநாள் நிறுவிய இயங்குதளத்திலிருந்து பொறியை எழுப்பினேன். கைப்பேசியின் இணைய இணைப்பால் எல்ரெப்போவின் களஞ்சியத்தைச் சேர்த்து, "கேமோட்-மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்" என்னும் பொதியை நிறுவினேன். கெர்னலின் பகுதியாக ஓடப்போகும் நிரலைப் பிறரிடமிருந்து பெறும்போது அதன் கையொப்பச் சாவியைச் சரிபார்ப்பது கட்டாயம். செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு முறை உள்ள புதிய பொறிகளில் அச்சாவியைப் பொறியிலும் பதிந்தாலன்றி இயக்கி ஏறாது. எங்கள் பழம்பொறியில் அத்தொல்லை இல்லை.

பின் "மோட்இன்ஃபோ" ஆணையை மீண்டும் கொடுத்தேன். பட்டியலில் 0060 இருந்தது. "மோட்புரோப் மெகாரெய்டு_எஸ்ஏஎஸ்" என்று கட்டளையிட்டேன். "டிமெசேஜ்" என்னும் கெர்னல் குறிப்பேட்டில் அட்டை விழித்ததும், வட்டு தோன்றியதும் வரிவரியாக வந்தன.

ஓர் இயக்கிக்கு நாம் விருப்பங்களும் கொடுக்கலாம். "மோட்இன்ஃபோ -பி" என்று கேட்டால் அவ்வியக்கி ஏற்கும் விருப்பங்களைச் சொல்லும். வேண்டியதை "இடிசி" அடைவின்கீழ் "மோட்புரோப்.டி" என்னும் அடைவில் ஒரு சிறு கோப்பாக எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் அவ்வாறே ஏறும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவையில்லாத விருப்பத்தை யாரோ சொன்னார் என்பதற்காக எழுதிவைப்பது நோயில்லாதவன் மருந்துண்பது போன்றது.

இன்னொரு நுட்பம் உண்டு. இயங்குதளமே அந்த ரெய்டு வட்டுகளில் இருந்திருந்தால் சிக்கல் கூடுதலாயிருக்கும். வட்டைப் படிக்க இயக்கி வேண்டும். இயக்கியோ அவ்வட்டுக்குள் இருக்கும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவி போன்ற நிலை. இதற்காகவே "இனிட்ராம்எஃப்எஸ்" என்னும் சிறு மூட்டை, கெர்னலோடு முதலிலேயே நினைவகத்தில் ஏறுகிறது. தொடக்கத்தில் வேண்டிய இயக்கிகள் அம்மூட்டையில் இருக்கவேண்டும். இயக்கியை மாற்றினால் மூட்டையையும் புதுப்பித்தல் வேண்டும். ரெட் ஹாட் வழியினவற்றில் "டிராகட் -எஃப்", டெபியன் வழியினவற்றில் "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு". இதை மறந்தவர் மறுமுறை பொறியை எழுப்பும்போது இருண்ட திரையைக் காண்பர்.

கடைசியாக, "எஃப்எஸ்டாப்" கோப்பில் வட்டை எழுதினேன். வட்டின் பெயர் அடுத்த முறை மாறக்கூடும். ஆகவே பெயரை விடுத்து, கோப்பு முறையின் தனி அடையாள எண்ணாகிய யு.யு.ஐ.டி.யைக் கொடுத்தேன். "நோஃபெயில்" என்பதையும் சேர்த்தேன். ஒருகால் வட்டு கிடைக்காவிட்டாலும் பொறி எழாமல் நின்றுவிடாது. கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இயக்கிப் பொதி அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும் எனவும் ஒரு தாளில் எழிதிப் பொறியின்மேல் ஒட்டினேன்.

நான்காம்படி: நோய் நாடுதல்

அடுத்து அட்டையின்கீழ் உள்ள வட்டுகளின் உடல்நிலையைப் பார்த்தேன். அட்டை நான்கையும் ஒன்றாகக் காட்டுவதால் தனித்தனியே பார்க்க வழியில்லை என்று எண்ணவேண்டா. "ஸ்மார்ட்சிடிஎல்" ஆணையில் "-டி மெகாரெய்டு" என்று சொல்லி வட்டின் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் நிலையைக் கூறும். மூன்று வட்டுகள் பேசின, ஒன்று பேசவில்லை. கம்பத்திலிருந்து புது வட்டு வரவழைத்து அதன் இடத்தில் செருகினோம். மற்ற மூன்றிலிருந்தும் கணக்கிட்டு அட்டை அதனை நிரப்பத் தொடங்கிற்று. இரவெல்லாம் அது நடந்தது. விடியலில் கீச்சொலி நின்றிருந்தது. இரண்டு மாதம் பழகிய ஒலி நின்றதும் கூடமே வெறிச்சென்று ஆனதாகக் கணக்கர் கூறினார்.

இன்னொன்றும் கண்டேன். அட்டையில் ஒரு சிறு மின்கலம் உண்டு. எழுத வேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று விடையிறுத்துப் பின்னர் வட்டில் எழுதுவது ஒரு முறை, இது விரைவானது. வட்டில் எழுதி முடித்தபின்பே விடையிறுப்பது மற்றொரு முறை. இது மெதுவானது, ஆயின் நம்பத்தக்கது. மின்சாரம் திடீரென நின்றால், முதல் முறையில் நினைவகத்தில் தங்கியதைக் காப்பது அம்மின்கலமே. எங்கள் அட்டையின் மின்கலம் உயிரற்றிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பி விரைவு முறையில் வைப்பது தகாது. ஆகவே மெதுவான முறையிலேயே இருக்கச் செய்தேன். காய் நிறுக்கும் கணக்குக்கு அவ்வேகமே மிகுதி.

விடுதித் தோழர்க்கு ஒரு சொல்

இச்சிக்கலின் தம்பி நம் மடிக்கணினிகளிலும் இருக்கிறான். இண்டெல் ஆர்.எஸ்.டி. என்னும் முறையில் வட்டு அமைந்த கணினி சிலவற்றில் லினக்ஸை நிறுவப் புகுந்தால் வட்டே தெரியாது. பயாஸ் அமைப்பில் அதனை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் தெரியும். ஆனால் கணினியில் விண்டோஸ் முன்னரே இருக்குமாயின், முன்னேற்பாடின்றி மாற்றினால் அது நீலத்திரையில் நின்றுவிடும். காரணம் முன்போலவே, புதிய முறைக்குரிய இயக்கியை அது தொடக்கத்தில் ஏற்றாமையே. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழுமாறு அமைத்து, பின் பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிய பின்னர் வழக்கமான முறைக்குத் திரும்பவேண்டும். பிட்லாக்கர் பூட்டு உள்ளவர்கள் அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், ஆய்வேட்டைப் படியெடுங்கள்.

முடிவுரை

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னர் கணக்குத் தீர்ந்தது. அம்மாச்சி தம் பங்கை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "அந்தப் பெட்டியை நம்பாதே ராசா, சீட்டையும் வைச்சுக்கச் சொல்லு" என்றார். இயக்கியும் ரெய்டும் அறியாத அவர் சொன்னதே இப்பாடத்தின் சாரம். ரெய்டு என்பது ஒரு வட்டின் சாவிலிருந்து காக்கும்; தவறான பொத்தானிலிருந்தும் தீயிலிருந்தும் திருட்டிலிருந்தும் காவாது. வேறோர் இடத்தில் இருக்கும் வேறொரு படியே காக்கும். இன்று கூடத்தில் வாரந்தோறும் ஒரு படி எடுக்கிறார்கள். தாள் சீட்டுகளை ஓராண்டு வைத்திருக்கிறார்கள். படியெடுக்கும் பொறுப்பு அப்பத்தாம் வகுப்பு மாணவியுடையது.

நண்பர்களே, நம்மில் பலர் மலையிலிருந்தும் பள்ளத்தாக்கிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். நம் ஊர்களின் கணக்கும் பத்திரமும் நிழற்படமும் இன்று இத்தகைய பழம்பொறிகளுக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றைப் பேணும் அறிவு ஊரில் ஒருவருக்கேனும் வேண்டும். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் ஊர்ப் படிப்பகத்திலோ கூட்டுறவுக் கூடத்திலோ ஒரு பொறி இருந்தால் அருகே சென்று பாருங்கள். கீச்சொலி கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், எதையும் அழுத்துமுன் ஒரு படி எடுங்கள்.